அப்பா தூங்குற வரைக்கும்

“ஏண்ணா, உங்களுக்குப் பசங்க இருக்காங்களா?”

டீ கிளாஸை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு புவனேஸ்வரி கேட்டாள். சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். தாவீது கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். சிப்காட் தொழிற்பேட்டைக்குள் இரும்பு உருக்குகிற கம்பெனி அது. கணக்கு ஆபீஸின் கண்ணாடிக் கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் உலையின் சத்தம் தரை வழியாக ஏறிவந்து உள்ளங்காலில் அதிர்ந்துகொண்டே இருக்கும், கூடவே சுட்ட துருவின் வாசனையும் வரும்.

“இன்னாம்மா கேட்ட?”

“பசங்க இருக்காங்களான்னு கேட்டேண்ணா. இத்தினி வருசமா வந்துக்கினு போயிக்கினு இருக்கீங்க, ஒரு தடவகூட நான் கேட்டதில்ல பாருங்க.”

போன மாதம் ஜெபாவின் சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு, விடமாட்டேன் என்று மண்ணில் புரண்டு அழுதவள் இந்த புவனேஸ்வரி. அவளும் தாவீதின் மகள் ஜெபாவும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். பெட்டியை இறக்குகிற நேரத்தில் நாலு பேர் சேர்ந்துதான் அவள் கையைப் பிரிக்க வேண்டியிருந்தது. அவள் கேட்கிறாள், பசங்க இருக்காங்களா என்று.

துக்கம் ஒவ்வொருவரை ஒவ்வொரு மாதிரி ஆட்டிவைக்கும், இவளை இப்படி ஆட்டுகிறது என்று தாவீது மனதைத் தேற்றிக்கொண்டார். ஆனாலும் ஒன்று உறுத்தியது. காலையில் அவர் உள்ளே நுழைந்தபோது இதே பெண் எழுந்து வந்து, “அங்கிள்” என்று சொல்லி, அதற்கு மேல் பேச முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அதற்கும் இதற்கும் நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். அவர் பென் டிரைவைச் செருகி அவளுடைய கம்ப்யூட்டரில் ஒரு பெயரை மாற்றினார்.

அந்தப் பெயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனை ஒட்டிய பஜாரில் தாவீதுக்கு ஒரு கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. சென்னையில் பெரிய ஆபீஸ்கள் கழித்துக்கட்டுகிற கம்ப்யூட்டர்களை மொத்தமாக எடுத்துவந்து, தூசு தட்டி, கெட்டுப்போனதை மாற்றி, சுற்று வட்டாரத்துக் கம்பெனிகளுக்கும் கடைகளுக்கும் சர்ச்சுகளுக்கும் கொடுப்பார். ஜெபா படிப்பை முடித்துவிட்டுக் கடைக்கு வந்ததும் ஒரு புது வேலையைத் தொடங்கினாள். எந்தக் கம்ப்யூட்டரிலும் செட்டிங்ஸுக்குள் போனால் அந்த மெஷினைப் பற்றிய பக்கம் ஒன்று வரும். தயாரித்தது யார், கோளாறு என்றால் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும், எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று அதில் போட்டிருக்கும். அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்கள் சமாச்சாரம் என்று தாவீது அதைத் தொட்டதே இல்லை. ஜெபா தொட்டாள். தயாரிப்பாளர் என்ற இடத்தில் ‘ஜெபா கம்ப்யூட்டர்ஸ், கும்மிடிப்பூண்டி’ என்று அடித்து, கீழே தன் போன் நம்பரைப் போட்டாள்.

“நாம எங்கடி தயாரிச்சோம்? தொடச்சு வெச்சோம், அவ்ளோதான்,” என்றார் தாவீது.

“குப்பைன்னு தூக்கிப் போட்டத நீ மறுபடி ஓட வெக்கிற இல்ல? அப்ப நீதாம்ப்பா தயாரிப்பாளர்.”

“அப்ப எம் பேரப் போட வேண்டியதுதான?”

“என்னியத் தயாரிச்சது யாரு? எம் பேரப் போட்டா உம் பேரப் போட்ட மாதிரிதான். கணக்கு டேலி ஆயிடுச்சு பாரு.”

சரியான வாயாடி. சப்போர்ட் நேரம் என்ற கட்டத்தில் ஊர் உலகம் எல்லாம் காலை ஒன்பது முதல் மாலை ஆறு என்று எழுதும். அவள் எழுதியது, ‘அப்பா தூங்குற வரைக்கும்’. தாவீது ஏதாவது ஒரு மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் விழித்திருப்பார். அவர் படுக்கிற வரைக்கும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து கதையளந்துகொண்டிருப்பாள். அதைத்தான் எழுதினாள். எழுதிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் கடையிலிருந்து போன எல்லா மெஷின்களிலும் அந்த வரி போனது.

பிறகு ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நடந்து போன பெண் நடந்து திரும்பவில்லை. இதற்கு மேல் தாவீதால் சொல்ல முடியாது, யார் கேட்டாலும் இவ்வளவுதான் சொல்வார். பெட்டியை மூடுவதற்கு முன்னால், “கடைசியா முகம் பாத்துக்கோங்க” என்று எல்லாரையும் கூப்பிட்டார்கள். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். தாவீது மட்டும் சுவரில் எரிந்துகொண்டிருந்த ட்யூப் லைட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். குனிந்தால் அது உண்மையாகிவிடும் என்று பயம். அன்றிலிருந்து கண்ணை மூடினால் மகளின் முகம் வருவதில்லை. குரல் வருகிறது. மஞ்சள் துப்பட்டா வருகிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ட்யூப் லைட் வெளிச்சம்தான் வருகிறது. சுவரில் மாட்டிய போட்டோவைப் பார்த்தால் போட்டோக்காரர் சொல்லிச் சிரித்த சிரிப்பு. அது அவள் முகம் இல்லை. பெற்ற மகளின் முகத்தைத் தொலைத்துவிட்டு நிற்கிற அப்பனுக்கு வேறு என்ன வேண்டும்? ஒரே ஒரு தடவை அந்த முகம் வேண்டும்.

அவள் போன் மட்டும் ஓயவில்லை. விஷயம் தெரியாதவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஸ்க்ரீனில் பார்த்த நம்பருக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் மனைவி ஏஞ்சல் அந்த போனை மடியிலேயே வைத்திருந்தாள், சார்ஜ் இறங்க விடமாட்டாள். அடித்ததும் பதறி எடுத்துக் காதில் வைப்பாள். “மேடம், பிரின்ட் வரல மேடம்” என்று யாரோ சொல்வார்கள். கை மெல்ல இறங்கும்.

“என்னால முடியலைங்க,” என்றாள் ஒரு நாள். “அடிக்கும்போதெல்லாம் அவதான் கூப்புடுறான்னு நெனச்சுக்கினு எடுக்கிறேன். அந்த நம்பர எல்லா மெஷின்லருந்தும் எடுத்துடுங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்கிறேன்.”

அதற்காகத்தான் அவர் அந்தச் சின்ன ஃபைலைச் செய்தார். இரண்டு தட்டு தட்டினால் ‘தொடர வேண்டுமா?’ என்று கேட்கும். ஆமாம் என்றால் பழைய விவரம் போய்ப் புதியது உட்கார்ந்துகொள்ளும். நம்பரை மட்டும் மாற்றியிருக்கலாம். ஆனால் பெயர் ஒருத்தருடையதும் நம்பர் இன்னொருத்தருடையதுமாக இருந்தால் கூப்பிடுகிறவர்கள் குழம்புவார்களே என்று அவருடைய தொழில் புத்தி சொன்னது. ஜெபா கம்ப்யூட்டர்ஸ் இருந்த இடத்தில் தாவீது கம்ப்யூட்டர்ஸ் என்று போட்டார். சப்போர்ட் நேரத்தில் மட்டும் கை வைக்கவில்லை, அதை அழிக்க மனசு வரவில்லை.

புவனேஸ்வரியின் ஆபீஸில் இன்னொன்றும் நடந்தது. எதை மாற்றினாலும் மெஷினை ஒரு தடவை அணைத்துப் போட்டுப் பார்ப்பது தாவீதின் பழக்கம். ஸ்க்ரீன் கறுத்து, மறுபடி வெளிச்சம் வருகிற வரைக்கும் அது வெறும் கறுப்புக் கண்ணாடி. அதில் அவர் முகம் தெரிந்தது. முகத்துக்குப் பின்னால், நாற்காலியின் முதுகை ஒட்டி, மஞ்சளாக ஏதோ தொங்கியது. துப்பட்டாவின் ஓரம். தையல் பிரிந்த அந்த ஓரத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். திரும்பிப் பார்த்தார். இரும்பு அலமாரிதான் இருந்தது. துரு வாசனைக்கு நடுவில், கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயின் வாசனை கொஞ்ச நேரம் நின்று போனது. அது ஜெபா தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்.

மறுநாள் எளாவூருக்குப் போனார். செக்போஸ்ட்டுக்கு முன்னால் கொல்கத்தா ரோட்டோரத்தில் லோகு ஒரு எடைமேடையைப் பார்த்துக்கொள்கிறான். லாரி ஏறி நின்றால் கம்ப்யூட்டர் எடை காட்டும். தகரக் கேபின் முழுக்க டீசல் புகை, பழவேற்காட்டிலிருந்து வருகிற மீன் வண்டிகளின் கவிச்சி. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்து பகல்போலவே இல்லை. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் தகரம் நடுங்கி அடங்கியது.

அவரைக் கண்டதும் லோகு எழுந்தான். “வா நைனா. சாப்டியா, இல்லியா? ஆளே பாதியாயிட்ட. அந்தப் பொண்ணு இந்தக் கேபினுக்குள்ள வந்தா இன்னா சத்தம்! ‘லோகண்ணா, உம் மெஷினுக்கு ஜலதோசம், மூக்குல தூசி’ன்னு சொல்லும். மனசே ஆறல நைனா.” கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

தாவீது பென் டிரைவைச் செருகினார். தொடர வேண்டுமா? ஆமாம். அணைத்தார்.

ஸ்க்ரீன் கறுத்தது. அவர் முகம் தெரிந்தது. இடது தோளுக்குப் பக்கத்தில், நாற்காலியின் விளிம்பில், ஒரு கை. கட்டைவிரலில் ஸ்க்ரூ டிரைவர் வழுக்கிக் கீறிய தழும்பு. அதற்கு மேலே துப்பட்டா. துப்பட்டாவுக்கு மேலே, ஸ்க்ரீனின் மேல் சட்டத்தில் வெட்டுப்பட்டு, கழுத்தின் பாதி.

பயந்திருக்க வேண்டும். பயம் இல்லாமலும் இல்லை. ஆனால் பயத்தை முந்திக்கொண்டு அழுகை வந்தது. “இன்னும் கொஞ்சம் குனிம்மா,” என்று வாய்விட்டுச் சொன்னார். “குனிஞ்சு அப்பாவுக்கு மூஞ்சியக் காட்டு.”

வெளிச்சம் வந்துவிட்டது. நாற்காலிக்குப் பின்னால் தகரச் சுவர் மட்டும் இருந்தது.

“யார்கிட்ட பேசிக்கினு கீற நைனா?” என்றான் லோகு.

“ஜெபா வந்தாடா.”

“ஜெபாவா? யாரு, கடைக்குப் புது ஆளா? கூட்டியாந்துகிறியா?” என்று கேபினுக்கு வெளியே எட்டிப் பார்த்தான். துடைத்த ஈரம் அவன் கன்னத்தில் இன்னும் காயவில்லை. அதைத் தொட்டுப் பார்த்து அவனே குழம்பினான். “இன்னாமோ கண்ணு எரியுது நைனா. எல்லாம் இந்த டீசல் பொகதான்.”

வீட்டுக்கு வருகிற வழியில் தாவீதுக்குப் புரிந்துவிட்டது. எந்த மெஷினிலிருந்து பெயர் போகிறதோ, அந்த மெஷினுக்கு முன்னால் தினமும் உட்காருகிறவர் மனதிலிருந்தும் ஜெபா போய்விடுகிறாள். அங்கிருந்து கிளம்புகிறவள் வேறு எங்கே போவாள்? அப்பனிடம் வருகிறாள். இன்றைக்குக் கை வந்தது, நாளைக்குக் கழுத்து வரும். போகப் போக முகம் வந்துவிடும்.

அவர் நிறுத்தியிருக்கலாம். போகட்டும், இரண்டு பேர் மறந்தது போதும் என்று பென் டிரைவைத் தூக்கி ஆற்றில் போட்டிருக்கலாம். ஊர் மறந்தால் மறக்கட்டும், ஊரா பெற்றது, என்று நினைத்துக்கொண்டார். நியாயமா என்றால் நியாயம் இல்லைதான். ஆனால் அந்த மனிதனிடம் போய் நியாயம் பேச யாருக்கு வாய் வரும்?

பெயின்ட் கம்பெனி. அரிசி மண்டி. பெரியபாளையத்தில் அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் இருக்கிற பூஜை சாமான் கடை. ஒவ்வொரு இடத்திலும் அவளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி உச்சுக்கொட்டியவர்கள், ஸ்க்ரீன் கறுத்து வெளுத்ததும், “இன்னா சார், டீ சொல்லவா?” என்று தெளிந்த முகத்தோடு கேட்டார்கள். கறுப்புக் கண்ணாடியில் கழுத்து முழுசாக வந்தது. பின்னல் வந்தது. தாடை வந்தது. கடைசியாக உதடுகள் வந்தன. அவை அசைந்தன. சேர்ந்து, பிரிந்து, சேர்ந்து, பிரிந்து, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது மாதிரி. சத்தம் மட்டும் இல்லை. எண்ணெய் வாசனைக்கு அடியில் இப்போது வேறொரு வாசனையும் வந்தது. வெட்டிப் போட்ட ஈர மண்ணின் வாசனை. பின்னலில் ஒட்டியிருந்தது பூ என்றுதான் முதலில் நினைத்தார். பூ இல்லை, செம்மண்.

பார்த்தும் பார்க்காத மாதிரி அடுத்த இடத்துக்குப் போனார்.

வெளியே கொடுத்ததில் கடைசி, பெரியபாளையத்தை அடுத்த ஆரணியில் அவர்களுடைய சர்ச். சர்ச்சுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம், அதன் மூலையில்தான் ஜெபாவை வைத்திருந்தார்கள். ஆபீஸைப் பார்த்துக்கொள்கிற ஜெரால்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். “கொயர்ல அவ குரல் இல்லாம பாட்டே பாட்டா இல்ல பிரதர்.” தாவீது தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். ஆமாம் என்று தட்டினார். அணைத்தார். கறுப்பில் மூக்கின் நுனி வரைக்கும் வந்தது. அவ்வளவுதான். கண் வரவில்லை. நெற்றி வரவில்லை. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

வந்த சந்தோஷத்தில் மகளிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோட்டத்துக்கு நடந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மூலைக்கு வந்தார். நின்றார்.

மேடு இல்லை.

கறுப்பு பெயின்ட்டில் பெயர் எழுதிய மரச் சிலுவை இல்லை. காய்ந்த மாலைகள் இல்லை. சமதரையாகப் புல் முளைத்திருந்தது. நேற்று முளைத்த புல் இல்லை, முழங்கால் உயரப் புல். குனிந்து ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தார். வேர் ஆழமாக ஓடியிருந்தது, பிடுங்க முடியவில்லை.

“இன்னா பிரதர் தேடுறீங்க?” ஜெரால்ட் குடையோடு வந்து நின்றார்.

“இங்கதான வெச்சோம். போன மாசம். இங்கதான.”

“இந்த மூலைல யாரையும் வெச்சதே இல்லியே பிரதர். ஒடம்பு கிடம்பு சரியில்லியா? ஊட்ல கொண்டாந்து விடட்டா?”

அப்போதுதான் தாவீதுக்கு நிஜமாகப் பயம் வந்தது. மறக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தார். மறப்பதோடு நிற்கவில்லை இது. அவள் பிறந்ததையே துடைத்துக்கொண்டு வருகிறது. மொபெட்டை எடுத்துக்கொண்டு மழையில் நனைந்தபடி வீட்டுக்குப் பறந்தார். இனி ஒரு மெஷினையும் தொடக்கூடாது, ஏஞ்சலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். பெற்றவர்கள் இரண்டு பேர் நினைவு வைத்திருந்தால் போதும், அவள் எங்கேயும் போகமாட்டாள்.

கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டருக்கு முன்னால் ஏஞ்சல் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று! கண்ணுக்குக் கீழே இருந்த கருமை போயிருந்தது. தலை வாரிப் பூ வைத்திருந்தாள்.

“நனைஞ்சுக்கினா வந்தீங்க? தொடைங்க மொதல்ல. இங்க பாருங்க, இந்த போனு யாருது? எம் மடிலயே கெடந்துச்சு. யாரோ கஸ்டமர் வுட்டுட்டுப் போய்ட்டாங்க போல. பாவம், தேடுவாங்க.”

ஜெபாவின் போனை அவரிடம் நீட்டினாள்.

தாவீது கம்ப்யூட்டரைப் பார்த்தார். அந்த ஃபைலை அவர் செய்தது இதே மெஷினில்தான். செய்துவிட்டு அதிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

“ஏஞ்சல், நீ இதுல எதனா தட்னியா?”

“காலைல ஒரு ஃபைல தட்னேன். உங்க ஃபைல்தான். எதுக்குத் தட்னேன்னுதான் ஞாபகம் வரல. ஏன், தப்பாப் போச்சா?”

நம்பரைப் பார்க்கப் பார்க்கத் தாங்காமல் தட்டியிருப்பாள். அவரைத்தானே முதலில் கெஞ்சினாள், எல்லா மெஷினிலிருந்தும் எடுத்துவிடுங்கள் என்று.

“ஜெபாடீ,” என்றார். “நம்ம ஜெபா.”

ஏஞ்சல் எழுந்து வந்து அவருடைய ஈரத் தலையில் கையை வைத்தாள். “நமக்குத்தான் கர்த்தர் குடுக்கலையே. அதெல்லாம் ஆறிப் போச்சுன்னு நெனச்சேன். திடீர்னு ஏங்க அதப் பேசுறீங்க?”

சுவரில் போட்டோ இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

அவர் பித்துப் பிடித்தவர்போல உட்கார்ந்து பெயரைத் திரும்ப அடித்தார். ஜெபா கம்ப்யூட்டர்ஸ். கும்மிடிப்பூண்டி. பெயர் திரையில் வந்து உட்கார்ந்தது. அணைத்துப் போட்டார். ஏஞ்சல் எட்டிப் பார்த்து, “பேரு நல்லாதான் கீது. புதுசா மாத்தப் போறீங்களா?” என்றாள். போனது போனதுதான்.

உள்ளே ஜெபாவின் அறை. கதவைத் திறந்தால் கட்டில் இருந்த இடத்தில் பழைய மானிட்டர்கள் அடுக்கியிருந்தன, பல வருஷத் தூசியோடு. அவள் துணி மாட்டுகிற கொடியில் கேபிள் சுருள்கள் தொங்கின. மேஜையும் அவளுடைய கம்ப்யூட்டரும் மட்டும் அப்படியே இருந்தன. தாவீது கதவைச் சாத்திக்கொண்டு அதை முடுக்கினார். செட்டிங்ஸைத் திறந்தார்.

தயாரிப்பாளர்: ஜெபா கம்ப்யூட்டர்ஸ், கும்மிடிப்பூண்டி. சப்போர்ட் நேரம்: அப்பா தூங்குற வரைக்கும்.

வெளியே மழை பிடித்துக்கொண்டு பெய்தது. மின்சார ரயில் ஒன்று வந்து நின்று போகிற சத்தம் கேட்டது. உலகத்தில் அவள் கையால் அடித்த பெயர் இருப்பது இனி இந்த ஒரு மெஷினில்தான், அவளை நினைவு வைத்திருப்பது இந்த ஒரு மனிதன்தான். அவர் இந்தப் பக்கத்தைத் தொடாமல் எழுந்து போய்விட்டால் அவள் பெயர் இருக்கும். அவருக்குள் குரலும் துப்பட்டாவும் இருக்கும். முகம் வராது. சாகிற வரைக்கும் ட்யூப் லைட்தான். அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேச ஒரு உயிர் இருக்காது.

தட்டினால் முகம் வரும்.

தட்டினால் தானும் மறந்துவிடுவோமா? அதையும் யோசித்தார். பெற்ற தாய் மறந்துவிட்டாள். ஆனால் அவள் மறந்தது முகத்தைப் பார்க்காமல். நான் பார்த்துக்கொண்டிருப்பேன், கண்ணெதிரே நிற்கிற பிள்ளையை எந்த அப்பனாவது தெரியாது என்று சொல்வானா, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லச் சொல்ல அது உண்மை மாதிரியே இருந்தது. ஆசை அப்படித்தான் பேசும்.

பென் டிரைவ். இரண்டு தட்டு.

தொடர வேண்டுமா?

எண்ணெய் வாசனை. மண் வாசனை. நாற்காலியின் முதுகு மெல்ல அழுந்தியது, பின்னால் யாரோ கை ஊன்றுகிற மாதிரி. பிடரியில் ஈரமாக ஒன்று சொட்டியது.

“வந்துட்டியாம்மா,” என்றார். “இதோ. அப்பா பாக்கிறேன். இந்தத் தடவ பாத்துடுறேன்.”

ஆமாம்.

அணைத்தார்.

ஸ்க்ரீன் கறுத்தது.

கண்ணாடியில் அவருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

தாவீது திடுக்கிட்டுத் திரும்பினார். நிஜமாகவே நின்றுகொண்டிருந்தாள். சின்னப் பெண்தான். மஞ்சள் துப்பட்டா, பின்னல் எல்லாம் செம்மண், நனைந்து தரையில் சொட்டியது. முகம் நன்றாகத் தெரிந்தது. அகலமான நெற்றி, கண்ணாடியில் தினமும் பார்க்கிற நெற்றி மாதிரி. மூக்கு ஏஞ்சலின் சாடை. களையான முகம். அவரைப் பார்த்து அப்படி ஒரு சந்தோஷத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது.

“யாரும்மா நீ?” என்றார். “கடை சாத்தியாச்சே. எப்டி உள்ள வந்த?”

சிரிப்பு நின்றது. உடனே நிற்கவில்லை. கண்ணில் முதலில் நின்றது, உதட்டில் அப்புறம் நின்றது. அவள் வாயைத் திறந்தாள். உதடுகள் சேர்ந்தன, பிரிந்தன. சேர்ந்தன, பிரிந்தன. சத்தம் வரவில்லை. வாயோரத்திலிருந்து மண் உதிர்ந்தது.

“ரிப்பேருக்கு வந்தியா? காலைல வாம்மா.” நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

அவள் கையை நீட்டிக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தாள். கண் இமைக்கவில்லை.

“ஏஞ்சல்!”

அலறிக்கொண்டு ஓடினார். ஓடி வந்த ஏஞ்சலும் அதைப் பார்த்துவிட்டாள். ஏஞ்சலின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டார். ஏஞ்சல் முழங்கால் போட்டு விழுந்தாள். “இயேசுவின் நாமத்துல போ! எங்க ஊட்ட வுட்டுப் போ! உனக்கும் எங்களுக்கும் சம்மந்தமில்ல, போயிடு!” தாவீதும் கூடச் சேர்ந்து கத்தினார். தொண்டை கட்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் கத்தினார்கள்.

வெளியே காலடிச் சத்தம் மெதுவாக வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

தட்டவில்லை. தள்ளவில்லை. கதவின் அடி இடுக்கில் இரண்டு காலின் நிழல். அசையவே இல்லை.

அழுது களைத்து ஏஞ்சல் கட்டில் காலில் சாய்ந்து தூங்கிப்போனாள். தாவீது தரையில் உட்கார்ந்து அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் சொக்கியது. தூங்கினால் அது உள்ளே வந்துவிடும் என்று பயந்து தொடையைக் கிள்ளிக்கொண்டார். அவர் கடை மெஷின்களில் எல்லாம் ஒரு வரி இருக்கும், எந்தக் கிறுக்கு எழுதியதோ தெரியாது. அது ஏனோ ஞாபகம் வந்தது. அப்பா தூங்குற வரைக்கும். யாருடைய அப்பா என்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

கதவுக்கு அடியில் ஏதோ மெல்ல நகர்ந்து உள்ளே வந்தது. மஞ்சள் துணி. தையல் பிரிந்த ஓரம். ஈரமாக ஊர்ந்து வந்து அவருடைய கால் கட்டைவிரலைத் தொட்டது.

தாவீது காலை இழுத்துக்கொண்டார்.